முகநூலில் போட்ட கவிதை வெளியான கவிதையா?

(காரைக்குடியில் இளம் எழுத்தாளர்களும் வாசகர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



ஒரு நூல் அவையேறிய நாளை ஆண்டுதோறும் விழாவாக எடுக்கும் ஊரில் நின்று பேசுகிறேன். பங்குனி மாதத்தில் மகம், பூரம், உத்திரம் ஆகிய நாள்களில் காரைக்குடியிலும், அத்தத்தன்று கம்பன் சமாதி இருக்கும் நாட்டரசன்கோட்டையிலும் கம்பன் விழா நடக்கும். 1939இல் கம்பன் கழகத்தைத் தொடங்கிய சா. கணேசன் ஏற்படுத்திய வழக்கம் அது. அந்தப் பங்குனி அத்தத்துக்கு என்ன சிறப்பு? கம்பன் தன் இராமாயணத்தைத் திருவரங்கத்தில் அரங்கேற்றிய நாள் என்று மரபு சொல்கிறது. கவிஞர்களின் பிறந்த நாளை எல்லா ஊரும் கொண்டாடும். படைப்பு மக்கள் முன் வந்த நாளை இத்தனை காலமாக மறக்காமல் கொண்டாடுவது நம் பக்கத்துக்குப் பெருமை.

அரங்கேற்றம் அன்றைக்கு என்ன செய்தது என்று எண்ணிப் பாருங்கள். ஓலையில் எழுதி முடித்ததோடு ஒரு நூல் ஊருக்கு வந்துவிடவில்லை. கற்றவர்கள் கூடிய அவையில் படித்து, பொருள் சொல்லி, தடைகளுக்கு விடை கொடுத்து, அவை தலையசைத்த பிறகுதான் அது எல்லாருக்கும் உரிய நூல். அதற்கு முன்பு நண்பர்களுக்குப் பாடிக் காட்டியிருக்கலாம், வள்ளல் வீட்டுத் திண்ணையில் நாலு பாட்டுச் சொல்லியிருக்கலாம். அதையெல்லாம் யாரும் அரங்கேற்றக் கணக்கில் சேர்க்கவில்லை. எது பகிர்வு, எது வெளியீடு என்பதில் அன்று குழப்பம் இல்லை.

இன்று இருக்கிறது. அழகப்பா பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு மாணவி, இரவு பதினொரு மணிக்கு ஒரு கவிதை எழுதி முகநூலில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது பேர் விருப்பக்குறி இடுகிறார்கள். சித்தப்பா ஒருவர் வாழ்த்துச் சொல்கிறார். மூன்று மாதம் கழித்து ஒரு போட்டி அறிவிப்பு வருகிறது: இதுவரை எங்கும் வெளிவராத படைப்பாக இருக்க வேண்டும், அப்படி உறுதிமொழியும் எழுதித் தர வேண்டும். அந்தக் கவிதையை அவர் அனுப்பலாமா? பரிசுக்காக எழுதுகிறவர்களைப் பற்றி மட்டும் நான் கவலைப்படவில்லை. உறுதிமொழிக் கடிதத்தில் கையெழுத்துப் போடும்போது தான் சொல்வது உண்மையா பொய்யா என்று தெரியாமல் ஒரு பிள்ளை திகைத்து நிற்கக் கூடாது. அதற்காகத்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நம்முடைய பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினுடையது. அதன் 3ஆம் பிரிவு வெளியீடு என்றால் என்ன என்று சொல்கிறது. பிரதிகளை வழங்கி மக்களுக்குக் கிடைக்கச் செய்தாலும் வெளியீடு. பிரதி எதுவும் இல்லாமல் படைப்பைப் பொதுமக்களுக்குத் தெரிவித்தாலும் வெளியீடு. பொதுமக்களுக்குத் தெரிவிப்பது என்றால் என்ன என்பதையும் சட்டமே விளக்குகிறது: அவர்கள் பார்க்கவோ கேட்கவோ முடிகிற இடத்தில் வைத்தால் போதும், யாராவது உண்மையிலேயே பார்த்தார்களா என்பது பொருட்டில்லை. நாற்பது பேர் படித்த கவிதையும் ஒருவர்கூடப் படிக்காத கவிதையும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்த படைப்பு நம் சட்டத்தின் சொற்களின்படி வெளியான படைப்பு. இதை நான் தயக்கமின்றிச் சொல்கிறேன்.

எல்லாரும் பார்க்கும்படி என்று சொன்னேனே, அங்கேதான் கவனம் வேண்டும். செட்டிநாட்டு வீட்டில் முகப்பும் உண்டு, வளவும் உண்டு. முகப்பில் உட்கார்ந்து பேசுவது தெருவுக்குக் கேட்கும். வளவுக்குள் பேசுவது வீட்டாருக்கும் உறவுக்கும். ஐந்து தோழிகள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கதையை அனுப்பி எப்படி இருக்கிறது என்று கேட்பது வளவுக்குள் பேசுவது. ஆயிரம் பேர் இருக்கும் குழுவில், பாதிப் பேரை யாரென்றே தெரியாத இடத்தில் போட்டால் அதை வளவு என்று சொல்ல முடியாது. இடையில் எங்கே கோடு என்று சட்டம் எண்ணிக்கை போட்டுச் சொல்லவில்லை. அங்கே இருப்பவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்களா, நீங்கள் அழைத்ததால் வந்தவர்களா என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு பலருக்குத் தெரியாது. உரிமையாளரின் அனுமதியில்லாமல் வெளியிடப்பட்ட படைப்பு, உரிமை மீறல் பற்றிய வழக்கு நீங்கலாக மற்ற காரியங்களுக்கு, வெளியானதாகக் கருதப்படாது. தோழிக்கு மட்டும் அனுப்பிய கதையை அவர் உங்களைக் கேட்காமல் ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டால், அது உங்கள் வெளியீடு ஆகாது. அடுத்தவர் செய்த காரியத்துக்காக உங்கள் கதை பழையதாகிவிட்டது என்று நீங்கள் மனம் உடைய வேண்டாம்.

உலக அளவில் கணக்கு வேறுமாதிரியும் இருக்கிறது. 1886இல் உருவாகி, இந்தியாவும் உறுப்பாக இருக்கும் பெர்ன் உடன்படிக்கையின் 3ஆம் பிரிவில், வெளியீட்டுக்குப் போதுமான பிரதிகள் கிடைக்க வேண்டும். இலக்கியப் படைப்பைப் பொது இடத்தில் வாசித்துக் காட்டுவதும் வானொலியில் ஒலிபரப்புவதும் அங்கே வெளியீடு ஆகா. அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு திருவரங்கத்துக்குப் போனால், அரங்கேறிய அன்று கம்பராமாயணம் வெளிவரவே இல்லை! இரண்டு கணக்கும் தவறில்லை. எந்த நாடு, எவ்வளவு காலம் ஒரு படைப்பைப் பாதுகாக்க வேண்டும் என்று முடிவு செய்வதற்காக ஏற்பட்ட கணக்குகள் அவை. ஒரு முறை வெளியான கவிதையை எழுதியவரின் அனுமதியோடு இன்னொருவர் வெளியிடக் கூடாது என்றோ, போட்டிக்கு அனுப்பக் கூடாது என்றோ எந்தச் சட்டத்திலும் ஒரு வரிகூடக் கிடையாது.

அந்தத் தடை இதழ்களும் போட்டிக்காரர்களும் வைப்பது. அவர்கள் அதை ஏன் வைக்கிறார்கள் என்பதையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். காசு கொடுத்து இதழ் வாங்கும் வாசகர், முன்பு படிக்காத ஒன்றை எதிர்பார்க்கிறார். அது ஒரு காரணம். போட்டியில் இன்னொரு காரணம் உண்டு, எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. போட்டிக் கதைகளைப் படிக்கும் வேலை எனக்கு அவ்வப்போது வாய்க்கும். பெயரை எடுத்துவிட்டு எண்ணை மட்டும் போட்டுக் கதைகளைக் கொடுப்பார்கள். கதையின் முதல் வரியைத் தேடுபொறியில் இட்டால் எழுதியவரின் படம், ஊர், சாதி அடையாளம் முதற்கொண்டு எல்லாம் வந்து நிற்கும் என்றால், பெயரை மறைத்ததற்குப் பொருள் இல்லாமல் போகிறது. நடுவர் தேடமாட்டார் என்று நம்பலாம். ஆனால் முன்பே படித்த கதையைப் படிக்காததுபோல் அவரால் எப்படிப் படிக்க முடியும்? ஆகவே போட்டிகள் கண்டிப்பாக இருப்பதை நான் ஏற்கிறேன்.

ஆனால் கண்டிப்பு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. காமன்வெல்த் சிறுகதைப் பரிசு ஆங்கிலத்தோடு தமிழ் உட்பட வேறு சில மொழிகளில் எழுதிய கதைகளையும் ஏற்கிறது. முன்பே அச்சில் வந்த கதை கூடாது, இணையத்தில் வந்ததும் கூடாது என்பது அதன் விதி. எழுத்தாளரின் சொந்த வலைப்பூவுக்கும் சொந்த இணையதளத்துக்கும் மட்டும் அந்த விதியில் விலக்குக் கொடுத்திருந்தார்கள். அமெரிக்காவில் வரும் ‘ராட்டில்’ என்ற கவிதை இதழும், எழுதியவரே சமூக ஊடகத்தில் போட்டுக்கொண்டதை வெளியீடாக எண்ணுவதில்லை. சொந்தப் பக்கத்தில் போட்டதையும் வெளியானது என்று சொல்லித் திருப்பி அனுப்பும் இதழ்களும் நிறைய இருக்கின்றன. இவ்விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை, அனுப்பும் அன்று படித்துப் பாருங்கள். இவற்றுக்கு அடியில் இருக்கும் வேறுபாட்டைத்தான் நான் காட்ட விரும்புகிறேன். ஓர் ஆசிரியர் தேர்ந்தெடுத்து வெளியிட்டதா, அல்லது நீங்களே வைத்ததா என்று இவர்கள் பிரித்துப் பார்க்கிறார்கள். 1999இல் தொடங்கிய ‘திண்ணை’ போன்ற இணைய இதழில் உங்கள் கதை வந்தால் அது இதழில் வந்ததுதான். காகிதம் இல்லை என்பதால் கணக்கில் வராது என்று எண்ணி அதை மறுபடி போட்டிக்கு அனுப்பினால், அந்த ஆசிரியரின் உழைப்பை நீங்கள் மதிக்கவில்லை என்று பொருள்.

இனி நூல் பதிப்பாளர்களைப் பற்றி. முன்பே மக்கள் படித்துவிட்டார்கள், இனி யார் வாங்குவார்கள் என்று ஒரு பதிப்பாளர் அஞ்சினால், தமிழ்ப் பதிப்பின் வரலாறு அவருக்கு விடை சொல்லும். பாரதியின் பாடல்கள் முதலில் இதழ்களில் வந்தன. புதுமைப்பித்தனின் கதைகள் ‘மணிக்கொடி’யில் வந்தன. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் வாராவாரம் வந்தது. அதைப் படித்தவர்கள் இதழிலிருந்து கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்தார்கள். இந்தப் பக்கத்து வீடுகளில் அப்படிப்பட்ட கட்டுகளை இரும்புப் பெட்டிக்குப் பக்கத்து அலமாரியிலேயே பார்த்திருப்பீர்கள். அதே கதை பிறகு நூலாக வந்தபோது விற்காமல் போயிற்றா? இன்றுவரை அச்சில் இருக்கிறது, இன்றுவரை விற்கிறது. நூலின் முதல் பக்கங்களில் “நன்றி” என்று போட்டு எந்தெந்த இதழில் எது வந்தது என்று சொல்வது தமிழ்ப் பதிப்பாளர்களுக்குப் பழகிய வழக்கம். முன்பு வெளிவந்தது என்பதை அவர்கள் மறைக்கவில்லை, அதையே தகுதியாகக் காட்டினார்கள்.

இணையம் வந்த பிறகும் அது மாறவில்லை. ஜெயமோகன் தன் ‘வெண்முரசு’ நாவல் வரிசையை 2014 ஜனவரி தொடங்கி 2020 வரை நாள்தோறும் தன் இணையதளத்தில் வெளியிட்டார். 26 நாவல்கள், யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். அவை தடித்த நூல்களாக வந்தபோது வாசகர்கள் விலை கொடுத்து வாங்கினார்கள். அதற்கு முன்பே, 2011இல் அவர் இணையத்தில் எழுதிய ‘அறம்’ கதைகள் திருவண்ணாமலை வம்சி வெளியீடாக வந்து, திரும்பத் திரும்ப அச்சாகி, ஆங்கிலத்துக்கும் போயிருக்கின்றன. அவர் பெயர் பெற்றவர், எங்களுக்கு அது நடக்குமா என்று நீங்கள் கேட்பது எனக்குப் புரிகிறது. அமெரிக்காவில் ஆண்டி வெயர் யாருக்கும் தெரியாத கணினிப் பொறியாளராக இருந்தபோதுதான் ‘தி மார்ஷியன்’ நாவலை அத்தியாயம் அத்தியாயமாகத் தன் இணையதளத்தில் போட்டார். படித்தவர்கள் கேட்டார்கள் என்று 2011இல் கிண்டிலில் மிகக் குறைந்த விலைக்கு வைத்தார். 2014இல் ஒரு பெரிய நிறுவனம் அதை நூலாக்கியது, அடுத்த ஆண்டு படமும் வந்தது. நூல் பதிப்பாளருக்கு முன்வெளியீடு பெரும்பாலும் இழப்பைத் தருவதில்லை; எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்ற செய்தியைத்தான் தருகிறது.

இதைச் சொல்லும்போதே இன்னொரு தவறான எண்ணத்தையும் அகற்ற வேண்டியிருக்கிறது. இணையத்தில் போட்டுவிட்டால் அது பொதுச்சொத்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பலர் நம்புகிறார்கள். எடுப்பவர்களும் நம்புகிறார்கள், எழுதியவர்களும் நம்பி வாயை மூடிக்கொள்கிறார்கள். வெளியீடு வேறு, உரிமை வேறு. அதற்கான சான்று இந்த ஊரிலேயே இருக்கிறது. பாரதி பாடல்கள் விடுதலைப் போராட்டக் காலத்தில் தெருவெல்லாம் ஒலித்தவை. அதைவிட விரிவான வெளியீடு என்ன இருக்க முடியும்? ஆனாலும் அவற்றை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை தனியார் சொத்தாகக் கைமாறி, காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. தேவகோட்டை ரஸ்தாவில் அவருடைய ஸ்டுடியோ இருந்த காலத்தில் உருவாகி 1947இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ படத்தில் பாரதி பாடல்கள் இடம்பெற்றன. அடுத்த ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாடல் வந்தபோது உரிமைப் பிரச்சினை எழுந்தது. பாரதி நாட்டுக்குப் பொது என்ற குரல் வலுத்து, 1949இல் சென்னை மாகாண அரசு உரிமையைப் பெற்றது. மெய்யப்பச் செட்டியார் தம்மிடமிருந்த உரிமையை விலை கேட்காமலே விட்டுக்கொடுத்தார். எல்லார் வாயிலும் இருந்த பாடலைப் பொதுவாக்குவதற்கு ஓர் அரசாங்கம் முன்வர வேண்டியிருந்தது. அப்படியிருக்க, உங்கள் கவிதையை ஒருவர் பெயரில்லாமல் எடுத்துப் போட்டு, “இணையத்தில் கிடந்தது” என்று சொன்னால் அது எப்படி நியாயமாகும்?

எழுதி முடித்த அந்தக் கணத்திலேயே உரிமை உங்களுடையது. பதிவு செய்யாவிட்டாலும் அது உண்டு. நீங்கள் வாழும் காலம் முழுவதும், அதற்குப் பிறகு 60 ஆண்டும் அது நிற்கும். இணையத்தில் போட்ட தேதி, நீங்கள்தான் முதலில் எழுதினீர்கள் என்பதற்குச் சான்றாகவும் பயன்படும்.

இப்போது ஒரு கசப்பான விஷயம். போட்டிக்கு அனுப்புவதற்கு முன் முகநூலில் இருப்பதை அழித்துவிட்டால் போதும் என்று ஒரு யோசனை இளைஞர்களிடையே உலவுகிறது. நான் படித்த ஒரு போட்டியில் பரிசுக்கு மிக அருகில் வந்த கதை ஒன்று இருந்தது. நல்ல கதை, குடும்பத்தைப் பர்மாவில் இழந்து திரும்பிய ஒரு பெரியவரைப் பற்றியது. இரண்டு ஆண்டுக்கு முன் அது பொதுவெளியில் வந்திருந்தது, எழுதியவர் அழித்துவிட்டார், ஆனால் யாரோ ஒருவர் எடுத்து வைத்த திரைப்பிடிப்பு வந்து சேர்ந்தது. கதையை விலக்க வேண்டியதாயிற்று. அந்த எழுத்தாளர் முதலிலேயே இரண்டு வரி எழுதிச் சொல்லியிருந்தால், அன்றைய அமைப்பாளர்கள் அனுமதித்திருக்கவும் வாய்ப்பு இருந்தது. அழிப்பதால் நடந்தது நடக்காததாகிவிடாது. தலைப்பை மாற்றுவதாலும் ஆகாது. கதையின் போக்கையே மாற்றி, புதிதாக எழுதினால் அது வேறு கதை. அப்போதும் முந்திய வடிவம் எங்கே வந்தது என்று சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்ட கதையை ஆசிரியர் நிராகரித்தாலும் உங்கள் பெயர் கெடாது.

அழிக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பின், 1990களில், அந்தத் தொகுப்பு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னையில் ஆய்வு நூலகமானது. ஒரு கதை இதழில் முதலில் வந்தபோது எப்படி இருந்தது, நூலில் எப்படி மாறியது என்று ஆய்வாளர்கள் அறிய அத்தகைய சேமிப்புகள்தான் வழி. இன்று எழுதுகிறவர்களின் முதல் வடிவம் ஒரு நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. அந்த நிறுவனம் கடையைக் கட்டினால் அதுவும் போய்விடும். ஆகவே போட்ட ஒவ்வொன்றையும் தேதியோடு உங்களிடமே ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில்தான் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். கிண்டிலில் 2016 இறுதியிலிருந்து தமிழ் இருக்கிறது, பலர் தாங்களே நூல் போடுகிறார்கள். அங்கே ‘கேடிபி செலக்ட்’ என்ற திட்டத்தில் சேர்ந்தால், 90 நாளுக்கு அந்த நூல் மின்வடிவில் வேறெங்கும் இருக்கக் கூடாது. இணையத்தில் முழு நாவலையும் திறந்து வைத்துவிட்டு அதில் சேர்ந்தால் விதிமீறல். இங்கே முன்பு வெளியானதா என்று கேட்பதில்லை, இப்போது வேறிடத்தில் கிடைக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். ஆகவே இந்த ஓரிடத்தில் மட்டும், எடுத்துவிடுவது பலன் தரும்.

அப்படியானால் எழுதுகிறவர் என்ன செய்வது? போட்டிக்கோ இதழுக்கோ என்று மனத்தில் வைத்திருக்கும் படைப்பைப் பொதுவில் வைக்காதீர்கள். கருத்து வேண்டுமென்றால் தெரிந்த நாலு பேருக்கு அனுப்புங்கள். வைத்துவிட்டீர்களா, வைத்ததைப் பெருமையோடு ஒப்புக்கொள்ளுங்கள். பொதுவில் வைப்பது அவையேற்றுவதற்குச் சமம் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். பெரியவர்கள் கூடிய அவைக்கு எப்படித் திருத்தி எடுத்துப் போவார்களோ அப்படி ஒருமுறைக்கு இருமுறை படித்துத் திருத்தி வையுங்கள்.

நான் கடைசியாகக் கேட்பது இதழ் ஆசிரியர்களிடமும் போட்டி நடத்துபவர்களிடமும். இந்த மாவட்டத்தில் கல்லூரிகளும் தமிழ் அமைப்புகளும் நடத்தும் போட்டிகள் குறைவில்லை. வெளிவராத படைப்பு என்று மட்டும் எழுதாதீர்கள். சமூக ஊடகத்தில் எழுதியவரே போட்டது சேருமா சேராதா, மூடிய குழுவில் பகிர்ந்தது சேருமா என்று அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள். செட்டிநாட்டில் ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டு, வெளியூர் இலக்கியக் கூட்டத்துக்குப் போக வழியில்லாமல் எழுதும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் வாசகர் கிடைத்ததே கைப்பேசியில்தான். அந்த நாற்பது பேர் படித்துவிட்டார்கள் என்பதற்காக அவர்களுடைய நல்ல கவிதையை இதழ் ஆசிரியர்கள் ஒதுக்க வேண்டாம். முன்பு எங்கே வந்தது என்று கீழே ஒரு வரி போட்டு வெளியிடுங்கள். புதிதாக எழுதி அனுப்பியவருக்குக் கொடுக்கும் சன்மானத்தில் பாதியைக் கொடுங்கள், அவர்கள் மறுக்கமாட்டார்கள்.